பழைய வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன்: மாட்டும் முன் கரன்ட் கணக்கு

கேள்வி இதுதான்: நாற்பது வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் கார், கார்புரேட்டர் எஞ்சின், வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்து போல்ட் போட்ட ஃபேன். ஓடும்போது தொந்தரவு இல்லை, நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் சரியாகுமா, எதை வாங்க வேண்டும், வயர் எப்படி இழுக்க வேண்டும்?

பெரும்பாலும் சரியாகும். பாதி பதில் கேள்வியிலேயே இருக்கிறது. நிற்கும்போது மட்டும் முள் ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். இதுவே தலைகீழாக, நல்ல வேகத்தில் போகும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்குகிறது என்றால் இரண்டு ஃபேன் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் எதிர்க்காற்றே தேவைக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டர், வேகம் கூடும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ், வழுக்கும் பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் தாமதமாக விழுவது), இப்படி. உங்கள் வண்டியிலும் ஒரு முறை எஞ்சின் சூடானதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்கக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் திடீரென்று சில்லென்று இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. முதலில் அதைச் சுத்தம் செய்யாமல் ஃபேன் வாங்கப் போகாதீர்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், பழைய வண்டிகளில் அந்த மூடி ஏற்கெனவே குறைந்த அழுத்தத்துக்கானது, அதன் ரப்பரும் காய்ந்து போயிருந்தால் கொதிநிலை இன்னும் கீழே இறங்கிவிடும். அரை பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும், மூடி பிடிக்காவிட்டால் 100-லேயே கொதித்துக் கொட்டும்.

பெல்ட் ஃபேனின் குறை அதன் பிறவியிலேயே இருக்கிறது. காற்று அதிகம் வேண்டிய நேரம் வண்டி நிற்கும் நேரம், அப்போது எஞ்சின் ஐடிலில் 700, 800 ஆர்பிஎம்மில் இருக்கிறது, ஃபேனும் சோம்பேறியாகச் சுற்றுகிறது. காற்றே வேண்டாத நேரம் நெடுஞ்சாலை, அங்கே 4000 ஆர்பிஎம்மில் அலறுகிறது. ஃபேன் சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்ற வைக்கும் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது விதி, ஆக அந்த அலறல் எல்லாம் வீணாகப் போகும் பெட்ரோல். எலக்ட்ரிக் ஃபேன் நிற்கும்போதும் முழு வேகத்தில் சுற்றும், வேண்டாதபோது நின்றுவிடும். பெட்ரோல் பெரிதாக மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டாம், சத்தம் குறைவதும் எஞ்சின் சீக்கிரம் சூடேறுவதும்தான் உடனே தெரியும்.

சரி, இப்போது கரன்ட். எல்லாரும் கடைசியில் பார்ப்பதை நான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். பேட்டரியைச் சார்ஜ் செய்வது டைனமோவா ஆல்டர்னேட்டரா, எத்தனை ஆம்பியர்? அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் முழு உற்பத்தியே 22 ஆம்பியர்தான், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடினால். ஐடிலில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. அதற்கப்புறம் வந்த சின்ன ஆல்டர்னேட்டர்கள் 30-லிருந்து 40 ஆம்பியர் வரை, ஐடிலில் அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். செலவுப் பக்கம் பாருங்கள்: இரண்டு ஹெட்லைட் மட்டும் 8, 9 ஆம்பியர், பின் விளக்குகள், இக்னிஷன் காயில், வைப்பர், ஹீட்டர் புளோயர் எல்லாம் சேர்ந்தால் மழை இரவில் 20 ஆம்பியர் போய்விடும். 12 அங்குல ஃபேன் ஓடும்போது 8-லிருந்து 10 ஆம்பியர் இழுக்கும், 16 அங்குலப் பெரியது 20-ஐத் தாண்டும், புறப்படும் அந்த ஒரு நொடியில் இரண்டு மூன்று மடங்கு. மழை இரவில் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது ஃபேன் ஓட ஆரம்பித்தால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஃபேன் விட்டுவிட்டு ஓடுவதால் பத்து நிமிடம் தாங்கும், ஒரு மணி நேரம் தாங்காது. டைனமோ வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் ஃபேனையும் வைத்துக்கொண்டு, முன்பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஃபேனைத் துணைக்கு மட்டும் போடுங்கள். இது தோல்வி இல்லை, பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

கணக்கு சரிப்பட்டு வந்தால் ஃபேனுக்குப் போவோம். ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் உட்கார்ந்து காற்றை இழுப்பது ஒரு வகை. முன்னால் கிரில் பக்கம் உட்கார்ந்து தள்ளுவது இன்னொரு வகை. இடம் இருந்தால் இழுப்பதைப் போடுங்கள். தள்ளும் ஃபேன் ஓடாமல் நிற்கும்போது எதிர்க்காற்றுக்கு மறைப்பாக நிற்கிறது, நெடுஞ்சாலையில் நல்லாயிருந்த வண்டி இப்போது அங்கேயும் சூடாகத் தொடங்கும். வாங்கும்போதே இழுப்பதா தள்ளுவதா என்று கேட்டு வாங்குங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் திசை மாறிச் சுற்றும் என்பது உண்மை, ஆனால் இறக்கையின் வளைவு மாறாது, காற்று பாதியாகிவிடும். சில ஃபேன்களில் இறக்கையைக் கழற்றித் திருப்பி மாட்ட வழி இருக்கும், அதில் மட்டும் இரண்டு விதமாகவும் பயன்படுத்தலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் எண்ணை (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது) நம்பி வாங்காதீர்கள். அது பல சமயம் முன்னால் எந்தத் தடையும் இல்லாமல், திறந்த வெளியில் அளந்தது. மூன்று வரிசைக் குழாய் உள்ள தடித்த ரேடியேட்டர் வழியாக இழுக்கும்போது அதில் கணிசமாகக் குறையும். அந்த எண்ணை விட, ஃபேன் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது நேர்மையான தகவல்: 7 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 20 ஆம்பியர் ஃபேனின் வேலையைச் செய்யும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். என் தனிப்பட்ட விருப்பம், பழைய இரும்புக் கடையில் ஓரளவு புதிய காரிலிருந்து கழற்றிய ஃபேன், அதைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் என்ற கூட்டோடு, கனெக்டரையும் ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்து வருவது. கார்க் கம்பெனி போட்ட மோட்டார் வருடக் கணக்கில் ஓடும். அளவு பொருந்துவதுதான் சிரமம், ஒரு அட்டையில் உங்கள் ரேடியேட்டரின் அளவை வெட்டிக் கையோடு கொண்டு போங்கள். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதில் தடுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம்.

ஷ்ரவுட் என்பது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூடும் கூடு. அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். கூடு அகலமாக இருந்து ஃபேன் சின்னதாக இருந்தால் இன்னொரு சிக்கல், வேகமாகப் போகும்போது காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கும், அதனால்தான் பல ஷ்ரவுடுகளில் காற்று தள்ளினால் திறந்துகொள்ளும் ரப்பர் மடல்கள் வைத்திருக்கிறார்கள். தகரத்தில் நீங்களே கூடு செய்தால் அந்த மடல்களையும் மறக்காதீர்கள்.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களுக்கு நடுவே குத்தி நுழைத்து மறுபக்கம் பூட்டும் பிளாஸ்டிக் ஊசிகள் ஃபேனோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அரை மணியில் வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் ஃபேனின் எடையும் அதிர்வும் முழுக்க அந்தக் குழாய்களின் மேல் விழுகிறது, தேய்ந்து தேய்ந்து ஒருநாள் ஓட்டை. ரேடியேட்டரின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு இடையே இரண்டு பட்டைகளைக் குறுக்கே மாட்டி அவற்றில் ஃபேனைப் பிடியுங்கள். வாட்டர் பம்ப் மூக்குக்கும் மோட்டாரின் முதுகுக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. இருக்கட்டும், திடீர் பிரேக்கில் எஞ்சின் அதன் ரப்பர்களில் முன்னால் சாயும்.

பழைய ஃபேனைக் கழற்றும் இடத்தில் நான் செய்த முதல் தப்பு. ஃபேனையும் புல்லியையும் வாட்டர் பம்பில் பிடிப்பது ஒரே நான்கு போல்ட்தான். ஃபேனை எடுத்துவிட்டு அதே போல்ட்களைத் திரும்பப் போட்டு இறுக்கினேன், நன்றாக இறுகின மாதிரிதான் இருந்தது. ஃபேனின் நடுத்தகடு, அதன் பின்னாலிருந்த ஸ்பேசர், இரண்டும் இல்லாததால் போல்ட் நீளம் அதிகமாகி, மரையின் கடைசியில் முட்டி நின்றிருக்கிறது. புல்லியை அது பிடிக்கவே இல்லை. இரண்டு நாளில் முன்பக்கம் லொடலொடவென்று சத்தம், பார்த்தால் புல்லியின் ஓட்டைகள் நீளவாக்கில் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. எடுத்த தகட்டின் தடிமனுக்கு வாஷர் போடுங்கள் அல்லது அதே மரையில் குட்டையான போல்ட் வாங்குங்கள். இறுக்கிய பிறகு புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஃபேனை எப்போது ஓட விடுவது என்பது. இதில்தான் அதிகம் பேர் சொதப்புகிறார்கள். தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானாக ஆன், ஆஃப் ஆகும் தெர்மோ ஸ்விட்ச் எந்த டிகிரியில் சேர (ஆன் ஆக) வேண்டும் என்பது அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் மேல் ஹோஸ் பக்கம் வைத்தால் அது தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு) தாண்டி வந்த சூடான தண்ணீரைப் பார்க்கிறது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கத் தொடங்கி, முழுக்கத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். அங்கே 82-லோ 85-லோ சேரும் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது, எஞ்சின் ஆரோக்கியமாக ஓடும் சூடே அதற்கு மேல்தானே. மேல் பக்கத்துக்கு 95-ல் சேர்ந்து 90-ல் விடுவது பொருத்தம். ரேடியேட்டரின் கீழ்ப் பக்கம், குளிர்ந்து வெளியேறும் இடத்தில் வைத்தால், அங்கே தண்ணீர் ஏற்கெனவே ஆறியிருக்கும், 88-ல் சேர்ந்து 83-ல் விடுவது சரி. பல கார்க் கம்பெனிகள் ரேடியேட்டரின் குளிர்ந்த பக்கத்தில்தான் ஸ்விட்சை வைத்தன, அதில் அர்த்தம் இருக்கிறது: ரேடியேட்டர் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தால் ஃபேன் குறுக்கிடாது, அதனால் முடியாதபோதுதான் ஓடும். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஹோஸுக்கும் குழாய் முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்து, வெளியே திருகும் குமிழ் வைத்த செட் ஒன்று கிடைக்கும். கம்பி நுழைந்த இடத்தில் எவ்வளவு பசை தடவினாலும் கொஞ்ச நாளில் சொட்டும். அதை விட்டுவிட்டு, கீழ் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அலுமினியக் குழாயைச் செருகி, அதில் 22 மி.மீ. மரை ஸ்விட்சை முறுக்குவது மேல். இதில்தான் என் இரண்டாவது தப்பு. ஸ்விட்சில் ஒரே ஒரு முனைதான், மறுமுனை அதன் உடம்பே எர்த்தாக வேலை செய்யும் என்று நினைத்து மாட்டினேன். எஞ்சின் 100 டிகிரி போயும் ஃபேன் அசையவில்லை. ஸ்விட்ச் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கினேன், அதுவும் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அலுமினியக் குழாயின் இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், எர்த் எங்கிருந்து வரும்? குழாயில் ஒரு சின்னத் திருகு போட்டு பாடிக்கு ஒரு வயர் இழுத்ததும் ஃபேன் உயிர் பெற்றது. ரேடியேட்டரிலேயே மாட்டினாலும், அது ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருந்தால் இதே கதைதான். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி எர்த்தை மறைப்பதும் உண்டு. இரண்டு முனை உள்ள ஸ்விட்ச் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

வயரிங் ஒன்றும் மந்திரம் இல்லை, ஆனால் ஃபேன் கரன்ட்டைத் தெர்மோ ஸ்விட்ச் வழியாகவோ டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவோ ஓட விடக் கூடாது, ரிலே கட்டாயம், அதாவது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைச் சேர்க்கும் ஸ்விட்ச். 40 ஆம்பியர் ரிலேயில் 30 என்று குறித்த முனைக்கு பேட்டரியிலிருந்து வயர், வழியில் ஃபியூஸ், அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், ஏனென்றால் ஃபியூஸ் வரைக்கும் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. 87-லிருந்து ஃபேன். 86-க்கு இக்னிஷன் சாவி போட்டால் கரன்ட் வரும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய வயர், 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். ரிலேயின் காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது, எனவே சாவி ஸ்விட்சுக்குச் சுமையில்லை. ஃபேனின் எர்த்தைப் பெயின்ட் அடித்த தகரத்தில் முறுக்காமல், சுரண்டிய இடத்தில் அல்லது நேராகப் பேட்டரிக்கே கொண்டு போங்கள்.

வயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். போகவர மூன்று மீட்டர் வயரில் 25 ஆம்பியர் ஓடினால், 2.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலையும், 4 சதுர மி.மீ.-ல் மூன்றில் ஒரு வோல்ட். பெரிய ஃபேனுக்கு 6 போட்டுவிடுங்கள். ஃபேனுக்கு அருகே அரை வோல்ட் குறைந்தால் பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன அதே விதி இங்கேயும் உண்டு, சுற்றும் வேகம் கொஞ்சம் குறைந்தாலே காற்றை இழுக்கும் திராணி நிறையக் குறைகிறது.

ரிலே காயிலுக்கும் ஃபேனுக்கும் ஒரே சாவி வயரிலிருந்து கரன்ட் எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் ஒரு ஜெனரேட்டராக மாறி இக்னிஷனுக்குக் கரன்ட் கொடுக்க, எஞ்சின் சில நொடிகள் அணையாமல் இருமிக்கொண்டே ஓடும். முதல் முறை பார்ப்பவர்கள் கார்புரேட்டரைப் பிரிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஃபேனுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்தால் இது வராது. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். அணைத்த எஞ்சினில் தண்ணீர் சுற்றுவது நின்றுவிடுவதால் ரேடியேட்டரைக் குளிர்விப்பதில் பெரிய லாபம் இல்லை, பேட்டரி இறங்குவதுதான் மிச்சம். நான் சாவியோடு நிற்கும்படிதான் வைத்திருக்கிறேன்.

தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாக டேஷ்போர்டில் ஒரு கை ஸ்விட்ச் வையுங்கள், கட்டாயமாக ஓட வைக்க மட்டும். கூடவே 87-லிருந்து ஒரு சின்ன விளக்கு, ரிலே சேர்ந்தால் எரியும். தெர்மோ ஸ்விட்ச் கைவிட்ட நாளில் அந்த இரண்டும்தான் உங்களை வீடு சேர்க்கும். தானாக ஓடும் வசதியே இல்லாமல் கை ஸ்விட்ச் மட்டும் வைத்து, "நான் முள்ளைப் பார்த்துப் போட்டுக்கொள்வேன்" என்பவர்கள் ஒரு நாள் மறப்பார்கள்.

சில வண்டிகளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த்தான பழைய வண்டி என்றால் ரிலே அப்படியே வேலை செய்யும், ஃபேனின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுங்கள், ஆனால் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் எதையும் யோசிக்காமல் மாட்டாதீர்கள், எரிந்துவிடும். ஏசி இருந்தால் கம்ப்ரெஸர் சேரும்போதெல்லாம் ஃபேனும் ஓட வேண்டும், அதற்கு இன்னொரு ரிலே. பாரம் இழுக்கும், மலையேறும் பெரிய வண்டியில் நல்ல நிலையிலுள்ள விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (சூடானால் மட்டும் இறுகிப் பிடிக்கும் கிளட்ச் வைத்த பெல்ட் ஃபேன்) இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது இழுக்கும் காற்றுக்கு 12 வோல்ட் மோட்டார்கள் ஈடு கொடுப்பது கடினம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதலில் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரில் பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். ரேடியேட்டரில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்து விலகினால் திசை தப்பு. பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, ஃபேன் சேர்ந்து, அணைந்து, மறுபடி சேரும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். சேர்ந்தது அணையாமல் பத்து நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்விட்ச் டிகிரி இடத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது ரேடியேட்டரால் முடியவில்லை. கடைசியாக இரவில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றையும் போட்டு, ஐடிலில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.5-க்குக் கீழே நழுவிக்கொண்டே போனால், ஆரம்பத்தில் போட்ட ஆல்டர்னேட்டர் கணக்கை மறுபடி எடுங்கள்.